ஏரி, நுரை, குவாரி, யானை: எங்கள் குழுவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சபையிலும் பேருந்திலும் டீக்கடையிலும் எங்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். சில கேள்விகள் அக்கறையோடு வந்தவை, சில குத்தலாக வந்தவை. இரண்டு வகைக்கும் பதில் உண்டு.

நீங்கள் யார்? அமைப்பின் பெயர் என்ன?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சிதறிக் கிடக்கும் ஆட்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, அரூர் பக்கம் அதிகம். தக்காளியும் மாங்காயும் போடுகிற விவசாயிகள், பட்டுப்புழு வளர்ப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள், ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். பெயர் வைக்கலாம் என்று பேச்சு எடுக்கும்போதெல்லாம் எங்காவது ஒரு ஏரிக்கரையை உடைத்துவிட்டார்கள் என்று போன் வந்துவிடுகிறது. அதனால் இன்னும் பெயர் இல்லை.

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டம் ஆனது. மனு கொடுக்க இரண்டு ஆட்சியர் அலுவலகம் அலைய வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர, எங்கள் வேலையில் அந்தப் பிரிவினை பெரிதாகத் தெரிவதில்லை.

ஏரி என்கிறீர்கள், குவாரி என்கிறீர்கள், யானை என்கிறீர்கள். உண்மையில் உங்கள் நோக்கம்தான் என்ன?

நிலத்துக்கு மேலே நிற்கிற, ஓடுகிற தண்ணீரைக் காப்பாற்றுவது. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

நம் இரண்டு மாவட்டங்களும் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் வறண்ட மேட்டுநிலம். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். ஏரி வற்றினால் போர்வெல் போடுவோம். போர் ஆழமாகப் போகப் போகத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடும். சரி, ஆற்றுத் தண்ணீர் இருக்கிறதே என்றால், தென்பெண்ணையில் பெங்களூருவின் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. குவாரி வந்தால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை அறுபடுகிறது. காட்டுக் குட்டைகள் காய்ந்தால் யானை கீழே இறங்குகிறது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது கூடவே வருகிறது. அதனால்தான் ஒரே குழு இத்தனை விஷயம் பேச வேண்டியிருக்கிறது. 'எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறார்கள்' என்று சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை படித்தால் போதும்.

ஃபுளோரைடு பிரச்சினை இன்னும் இருக்கிறதா? அது பழைய கதை இல்லையா?

இருக்கிறது. நம் ஊர்ப் பாறைகளில் உள்ள கனிமங்களிலேயே ஃபுளோரைடு உண்டு. தண்ணீர் அந்தப் பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கும்போது அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: பல்லில் வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்புக் கோடு, வயதானால் நிமிர முடியாத முதுகு, மடங்காத முட்டி.

பலருக்குத் தெரியாத ஒன்று. பல்லில் கறை வருவது, பல் உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீரால். ஏறக்குறைய எட்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடும் காரியம் அது. பெரியவர்களுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கலாம், பாதிப்பு எலும்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 'எனக்குப் பல் நன்றாகத்தானே இருக்கிறது' என்பதை வைத்து உங்கள் போர்த் தண்ணீரை நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். கல்யாணப் பேச்சில் பல்லைப் பார்த்து 'எந்த ஊர்?' என்று கேட்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். புள்ளிவிவரத்தில் வராத வலி அது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதாதா?

போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவது, மண்பானையில் ஊற்றி வைப்பது எதுவும் இதற்கு ஆகாது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை, அலுமினா வடிகட்டி, ஆர்.ஓ. என்று வழிகள் உண்டு. ஆனால் முதலில் சோதனை செய்யுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கூடவே சுண்ணாம்புச் சத்துள்ள சாப்பாடு உடம்புக்குக் கொஞ்சம் அரணாக இருக்கும். கேழ்வரகுக் களியைக் கேலி செய்கிறவர்கள் கவனிக்க.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான் வந்துவிட்டதே?

வந்தது நல்ல காரியம். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு', அதாவது ஃபுளோரைடால் வரும் பல், எலும்பு நோயைக் குறைப்பது என்று இருக்கிறது. எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது பெயரிலேயே எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறோம்.

சிக்கல் கடைசிக் குழாயில். மேட்டுத் தெருவுக்கும் வால்முனைக் கிராமங்களுக்கும் தண்ணீர் சரியாக வராத நாட்களில், மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே குழாயில்தான் வரும். எது காவிரி, எது போர் என்று எப்படித் தெரியும்? அதனால் எங்கள் கோரிக்கை எளிமையானது: ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் எந்த நாளில் எந்தத் தண்ணீர் ஏற்றப்பட்டது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், ஃபுளோரைடு எவ்வளவு என்று எழுதிப் போட வேண்டும். ஒரு பலகையும் கொஞ்சம் பெயிண்ட்டும் போதும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடிக்கப் போர்த் தண்ணீர் கூடவே கூடாது என்பது அடுத்த கோரிக்கை.

ஏரிகளுக்காக என்ன செய்கிறீர்கள்? ஜே.சி.பி. வைத்துத் தூர்வாருவீர்களா?

தூர்வாருவது எங்கள் பட்டியலில் கடைசி. முதல் வேலை காகிதத்தில்.

ஒரு ஏரியை எடுத்துக்கொண்டால் அதன் சர்வே எண், அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) உள்ள பரப்பு, புலப்படம் (அந்த சர்வே எண்ணின் நில அளவை வரைபடம்) மூன்றையும் வாங்குகிறோம். பிறகு நேரில் நடக்கிறோம். ஏரிக்குள் நடப்பதை விட வரத்துக்கால்வாயில் நடப்பதற்கு அதிக நேரம் கொடுப்போம். ஏரி பத்திரமாக இருக்கும். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயில்தான் யாராவது வேலி போட்டிருப்பார்கள், கோழிப்பண்ணை கட்டியிருப்பார்கள், நான்குவழிச் சாலைக்காரர்கள் கைப்பிடி அளவு குழாயைப் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள். வரத்து அடைபட்ட ஏரியை எத்தனை அடி ஆழப்படுத்தினாலும் அது கிரிக்கெட் மைதானம்தான்.

போக்குக்கால்வாயும் அதே அளவு முக்கியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை நாடே வீடியோவில் பார்த்தது. வறட்சி மாவட்டத்தில் வெள்ளமா என்று ஆச்சரியப்பட்டார்கள். தண்ணீர் வர வழியும் போக வழியும் அடைபட்டிருந்தால் இரண்டும் ஒரே ஊரிலேயே நடக்கும்.

காகிதமும் களமும் ஒத்துவராத இடத்தை வரைபடத்தில் குறித்து, வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ மனு கொடுக்கிறோம். ஏரி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டியே வருடம் போய்விடும். ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டியே எழுதுங்கள்.

வண்டல் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டலுக்கு வாங்கிய அனுமதியில் ராத்திரி லாரி லாரியாகக் கிராவல் போவதையும் பார்க்கிறோம். எடுக்கும் மண் எந்த வயலுக்குப் போகிறது என்று கேட்க ஊர்க்காரருக்கு உரிமை உண்டு.

ஆக்கிரமிப்பு என்று ஏழைகளின் குடிசையைத்தானே இடிக்கப் போகிறார்கள்?

அந்தப் பயம் நியாயமானது. பட்டியல் போடும்போது ஏரிக்குள் உள்ள வணிகக் கட்டடம், பண்ணை, லேஅவுட் எல்லாவற்றையும் முதலில் எழுதுகிறோம். குடியிருக்கும் வீடு என்றால் மாற்று இடம் கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுகிறோம். எங்கள் குழுவுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. 'ஏரி என்றால் ஏரிதான், யாராயிருந்தால் என்ன' என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. இதை எழுதுகிறவன் அந்தக் கட்சி இல்லை.

கெலவரப்பள்ளி அணையில் வரும் நுரை எங்கிருந்து வருகிறது?

பெங்களூருவிலிருந்து. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்திமலைப் பகுதியில் பிறந்து பெங்களூருவின் கிழக்குப் பக்கமாக வருகிறது. நகரத்தின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த ஏரியிலிருந்து வழிகிற தண்ணீருக்கு அடுத்த பெரிய நிறுத்தம் ஓசூர் பக்கத்து கெலவரப்பள்ளி. வீடுகளின் சோப்பு, டிடர்ஜென்ட் நீரும் சுத்திகரிக்காத கழிவும் கலந்து வருவதால், மதகில் தண்ணீர் வேகமாக விழுந்து காற்றோடு கலக்கும்போது நுரை மலைபோல் எழும்பித் தரைப்பாலத்தை மூடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீரைத் திறக்கும்போது அதிகமாக இருக்கும். தொழிற்சாலைக் கழிவும் சேர்கிறது என்பது எல்லோருடைய புகாரும். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளும் இதில் யோக்கியம் என்று நாங்கள் சான்றிதழ் தரமாட்டோம்.

இந்த அணையை நம்பிப் பாசனம் நடக்கிறது. இதே தண்ணீர்தான் கிருஷ்ணகிரி அணைக்கும், அங்கிருந்து சாத்தனூருக்கும் போகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது. செய்தி வரும், அதிகாரிகள் வருவார்கள், பாட்டிலில் பிடிப்பார்கள், நுரை அடங்கும், எல்லோரும் மறப்பார்கள்.

எங்கள் கோரிக்கை, பாகலூர் அருகே கொடியாளத்தில் ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்திலேயே தண்ணீரின் தரத்தைத் தொடர்ந்து அளந்து, அந்த அளவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதுதான். கர்நாடகத்தைத் திட்டுவதில் எங்களுக்கு ஆர்வம் இல்லை. பெங்களூருவில் பெல்லந்தூருக்காகப் போராடிய குடியிருப்புவாசிகளும் நம்மைப் போன்றவர்கள்தான். அங்கே சுத்திகரிப்பு நிலையம் சரியாக ஓடினால் இங்கே நுரை குறையும்.

நுரை இல்லாத நாளில் தண்ணீர் நல்லதுதானே?

இதுதான் எங்களுக்குப் பிடித்த கேள்வி. இல்லை. நுரை கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டுமே. மதகு மூடியிருக்கும்போது அதே கழிவு அணைக்குள் அமைதியாக நிற்கிறது. அதில் உள்ள சத்தைத் தின்று ஆகாயத்தாமரை படர்கிறது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. ஆகவே நுரை வந்த நாளின் போட்டோவை விட, நுரை வராத மாதங்களின் ஆய்வு முடிவுகளே எங்களுக்குத் தேவை. நுரைக்குள் இறங்கிச் செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறோம்: தோல் அரிக்கும், வேண்டாம்.

கல்குவாரியே வேண்டாம் என்கிறீர்களா? நீங்கள் வீடு கட்டவில்லையா?

கட்டியிருக்கிறோம், ஜல்லி போட்டுத்தான். குவாரியே கூடாது என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. விதியை மீறிய குவாரி கூடாது என்கிறோம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறைப்பதில் குவாரிக்காரர்களுக்கு லாபம் இருக்கிறது.

விதி என்ன? குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்கின்றன தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959. சரணாலயங்களிலிருந்தும் காப்புக்காடுகளிலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் கூடாது என்று 2021-ல் சேர்த்தார்கள். 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். நம் மாவட்டங்களில் மலைகளைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் காப்புக்காடுதான். எனவே அந்த ஒரு சொல்லை நீக்கியதன் சேதம் யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை. அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் முக்கியமான பிரச்சாரங்களில் ஒன்று.

எங்கள் ஊர்க் குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே நடக்கவில்லையே, ஏன்?

பரப்பளவுக் கணக்கு. 5 ஹெக்டேர் வரையிலான சிறு குவாரிகளுக்குப் பொதுவாகக் கருத்துக்கேட்பு இல்லாமலே சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிடும். ஆனால் 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குவாரிகளின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால், அவை ஒரே தொகுப்பாகக் கருதப்படும். அப்போது சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய முழு ஆய்வறிக்கையும் கருத்துக்கேட்பும் கட்டாயம்.

இங்கேதான் வித்தை நடக்கும். ஒரே மலையை அண்ணன் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று துண்டு போடுவார்கள். பக்கத்துக் குவாரி '500 மீட்டருக்கு வெளியே' இருப்பதாகக் காட்டுவார்கள். அதனால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள் இரண்டு. ஒன்று, சுற்றிலும் 500 மீட்டருக்குள் எந்தெந்தக் குவாரிகள் உள்ளன என்று புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநர் கொடுத்த கடிதம். இன்னொன்று, 300 மீட்டருக்குள் வீடு, கோயில், ஓடை எதுவும் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்று. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு செல்போன் வரைபடத்தில் தூரத்தை அளந்து பாருங்கள். நாங்கள் பார்த்த ஒரு சான்றில் 'கோயில் இல்லை' என்று எழுதியிருந்தது. திருவிழாவுக்குக் கலெக்டர் அனுமதி வாங்கும் கோயில் அது.

கருத்துக்கேட்பு நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

குறைந்தது 30 நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும், அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஊராட்சிக்கு வர வேண்டும். வராவிட்டால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதுங்கள். கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுக் கத்துவதால் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்ற ஒரு வரிதான் ஏறும். 'பக்கம் இன்னதில் ஓடை இல்லை என்கிறீர்கள், புலப்படத்தில் இன்ன எண்ணில் ஓடை இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அறிக்கைகளைப் படிக்கத் தயங்காதீர்கள். ஆங்கிலத்தில் கனமாக இருக்கும், ஆனால் வெட்டி ஒட்டியது நிறைய. நம் ஊர்க் கரட்டுக்கு எழுதிய ஒன்றில் கடலோரத்துச் செடிகளின் பட்டியல் இருந்ததைக் கல்லூரிப் பெண் ஒருத்திதான் கண்டுபிடித்தாள்.

அனுமதி கொடுத்துவிட்டால் கதை முடிந்ததில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குக் காரணம் சரியாக இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. பலர் கோட்டை விடுவது இந்தக் கணக்கில்தான்.

மலையோடு நடுகல்லும் போகிறது என்கிறீர்களே?

ஆமாம். நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்களும் (இறந்த வீரர்கள் நினைவாக நட்டவை) கல்திட்டைகளும் (பழங்காலக் கல் ஈமச்சின்னங்கள்) பாறை ஓவியங்களும் ஏராளம். மல்லசந்திரம் மலையில் நிற்கும் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தொல்லியல் துறை பாதுகாக்கும் பட்டியலில் இல்லாதவைதான் ஆபத்தில் இருக்கின்றன. உங்கள் ஊரில் 'வேடியப்பன்' என்று கும்பிடும் நடுகல் எங்கே இருக்கிறது என்று படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்புங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

யானை விஷயத்தில் நீங்கள் விவசாயி பக்கமா, யானை பக்கமா?

இரண்டு பேரும் இழக்கிறார்கள், பக்கம் பிரிப்பதில் அர்த்தமில்லை.

ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடியும் சமயத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வழியாக வருகின்றன. சரியாக அப்போதுதான் கேழ்வரகு கதிர் முற்றியிருக்கும். ஒரே ராத்திரியில் மொத்த வெள்ளாமையும் போய்விடும். பரண் மேல் குளிரில் உட்கார்ந்து காவல் காக்கிறவரிடம் போய் 'யானை நம் பாரம்பரியம்' என்று பேசினால் அடிக்கத்தான் வருவார்.

ஆனால் வேலியில் நேராக மின்சாரம் பாய்ச்சுவதை எங்களால் ஏற்க முடியாது. 2023 மார்ச் 7 அன்று மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்தன. அதே கம்பியில் நாளை ஆடு மேய்க்கும் பையனும் சிக்கலாம், இதற்கு முன் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். சூரிய மின்வேலி வேறு. விட்டுவிட்டு அதிர்ச்சி தரும், கொல்லாது. அதற்கும் வனப்பகுதியை ஒட்டிய இடங்களில் பதிவு வேண்டும் என்று 2023-ல் விதி வந்திருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள்: பயிர் இழப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன்னால் கொடுக்க வேண்டும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை உயர்த்த வேண்டும். காட்டுக்குள் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியை (லாண்டானா) அகற்றித் தீவனமும் தண்ணீரும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஒரு சரகத்து ஆட்கள் பட்டாசு வெடித்து அடுத்த சரகத்துக்கு விரட்டிவிடுவதை நிறுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னதை வனத்துறை ஊழியர்களே தனியாகப் பேசும்போது ஒத்துக்கொள்கிறார்கள்.

காட்டைக் காப்பது என்றால் காட்டில் இருப்பவர்களை வெளியேற்றுவதா?

இல்லை. இந்த மாவட்டத்தில் அப்படிப் பேசவே ஒருவருக்குக் கூச்சம் இருக்க வேண்டும்.

1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. காட்டைக் காப்பது என்ற பெயரில் நடந்தது அது. சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் பக்கம் கூட்டம் போட்டால் பெரியவர்கள் முதலில் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பதன் காரணம் இதில் இருக்கிறது.

காவிரி வடக்கு சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டதை வரவேற்கிறோம். அதே மூச்சில், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மக்களுக்குரிய தனி உரிமையும் சமூக உரிமையும் முதலில் கொடுக்கப்பட வேண்டும் என்கிறோம். ஆலம்பாடி மாடுகளைக் காட்டில் பட்டி போட்டு மேய்த்தவர்களின் வாழ்க்கையை ஒரே உத்தரவில் அழித்துவிட்டு, பிறகு அந்த இனத்தைக் காப்பாற்ற ஆராய்ச்சி மையம் தேடுவது எங்களுக்குப் புரியாத நிர்வாகம்.

சிப்காட் தொழிற்பேட்டையையும் எதிர்க்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?

எங்களில் பலர் ஓசூரில் வேலை செய்துதான் சாப்பிடுகிறோம். ஏரிப் பாசனமுள்ள விளைநிலத்தையும் வருடம் முழுக்கப் பூவும் காய்கறியும் விளையும் மண்ணையும் எடுக்காதீர்கள், ஏற்கனவே எடுத்துச் சும்மா போட்டிருக்கும் நிலத்தை முதலில் பயன்படுத்துங்கள் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு.

அரூர் பக்கம் மாலிப்டினம் எடுக்கப் போவதாகச் சொல்கிறார்களே?

அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் மாலிப்டினம் (எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் உலோகம்) இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்திருக்கிறது. இருப்பது வேறு, சுரங்கம் வருவது வேறு, வதந்தியைப் பரப்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்றே: முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டவற்றின் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. மாலிப்டினம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மரம் நடுவீர்களா? எங்கள் கம்பெனி கன்றுகள் தரத் தயார்.

நன்றி. இரண்டு கோடை தண்ணீர் ஊற்றவும் ஆள் தருவீர்களா என்று கேட்போம், பெரும்பாலும் பேச்சு அங்கே முடிந்துவிடும். நிற்கிற மரத்தைக் காப்பதற்கே நாங்கள் அதிக நேரம் செலவழிக்கிறோம். சாலை அகலப்படுத்தும்போது விழுந்த புளியமரங்களுக்கு ஈடாகப் பூச்செடி வைக்கிறார்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அந்த உத்தரவு நகலைக் கேளுங்கள். நட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் புளி, வேம்பு, இலுப்பை, ஆச்சா, ஏரிக்கரையில் பனை. கொனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவராதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? எந்தக் கட்சி?

பெட்ரோலும் ஜெராக்ஸும் கைக்காசு. வழக்குச் செலவு வந்தால் அந்த ஊர்க்காரர்கள் வசூல் செய்கிறார்கள், கணக்கை அந்த ஊரிலேயே வாசிக்கிறோம். வெளிநாட்டுப் பணம் இல்லை, குவாரிக்காரர் பணமும் இல்லை. தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சியிலும் ஆட்கள் உண்டு, அன்றைக்குக் கூட்டம் போடுவதில்லை. சண்டைதான் வரும்.

மிரட்டல் வராதா?

வரும். ராத்திரி போன், பொய்ப் புகார், 'உன் பையன் எந்த வண்டியில் பள்ளிக்கூடம் போகிறான்' என்ற விசாரிப்பு. அதனால் மனுவில் ஒற்றைப் பெயர் போடுவதில்லை, குறைந்தது பத்துக் கையெழுத்து. தகவல் உரிமை மனுவையும் உள்ளூர்க்காரர் பெயரில் போடாமல் வேறு வட்டத்து நண்பர் பெயரில் போடுகிறோம். களத்துக்குத் தனியாகப் போகக்கூடாது, குவாரிக்குள் அனுமதியின்றி நுழையவே கூடாது. படம் எடுப்பது பொதுப்பாதையில் நின்று மட்டும்.

எங்கள் ஊரில் எப்படித் தொடங்குவது?

கிளை, தலைவர், செயலாளர் எதுவும் தேவையில்லை. உங்கள் ஏரியின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அ-பதிவேடும் புலப்படமும் கேட்டுத் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அப்புறம் அடுத்த கிராம சபைக்குத் தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு வாய்ப்பு இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், அங்கேயே நிறுத்தி எங்களைக் கூப்பிடுங்கள்.